மஞ்சளும் அரிப்பும்: நாட்களை எண்ண வேண்டிய நோய்

பிறந்த சிசுவின் கண்களில் மஞ்சள் தென்பட்டால், யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் நடைபெறுவது குழந்தையைக் காலை வெயிலில் பிடிப்பதாகும். சில நாட்களில் தெளிந்துவிடும் என்று பெரியவர்கள் கூறுவதும் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. சிசுக்களில் அரைவாசிக்கும் அதிகமானோருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தோன்றி மறைவது இயல்பு. அவ்வாறே, கர்ப்பிணித் தாயொருவர் இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் கடிக்கின்றன என்று முறையிட்டால், அது உடற்சூடு என்று தீர்மானிக்கப்பட்டு விடுகின்றது. இந்த ஆறுதல் வார்த்தைகள் பொய்த்துப்போகும் சிலரும் எம்மிடையே உள்ளனர். அவர்களை இனங்காண்பதற்குக் கிடைக்கும் அவகாசமோ மிகக் குறுகியது.

ஈரல் சுரக்கும் பித்தம் நுண்ணிய குழாய்களின் வழியே குடலைச் சென்றடைய வேண்டும். ஈரலுக்குள்ளேயே அந்த ஓட்டம் தடைப்படுமாயின், பித்த அமிலங்கள் இரத்தத்தில் சேர்கின்றன. வாய்க்கால் அடைபட்டால் தோட்டத்துக்குப் பாய வேண்டிய நீர் கிணற்றடியிலேயே தேங்கி நிற்பதைக் கண்ட எமது மக்களுக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று.

கர்ப்பகாலத்தில் இத்தடை பெரும்பாலும் இறுதி மூன்று மாதங்களிலேயே தலைகாட்டுகின்றது. தோலில் பருவோ தடிப்போ இராது. அரிப்பு மட்டும் இரவில் உறக்கத்தைக் கெடுக்கும். பிரித்தானியாவில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 0.7 பேரளவில் காணப்படும் இந்நோய், அங்கு வாழும் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண்களிடையே 1.2 முதல் 1.5 வரை உள்ளது. பிரசவத்தின் பின்னர் தாயின் அரிப்பு தணிந்துவிடும். ஆபத்து வயிற்றிலுள்ள சிசுவுக்கே. பல நாடுகளின் தரவுகளை ஒன்றுதிரட்டி 2019 இல் வெளியான ஆய்வொன்றின்படி, பித்த அமில அளவு 100 மைக்ரோமோலைத் தாண்டிய தாய்மாரில் நூற்றுக்கு 3.44 சிசுக்கள் இறந்தே பிறந்துள்ளன. 40 இற்குக் குறைந்தோரில் அது 0.13 மட்டுமே. ஆக, அரிப்பின் கடுமையைக் கொண்டு ஆபத்தை அளக்க இயலாது. இரத்தப் பரிசோதனையே வழி. வழமையாக வழங்கப்படும் உர்சோடிஒக்ஸிகோலிக் அமில மாத்திரை சிசுவுக்கு நேரும் தீங்கைக் குறைக்கவில்லை என்று, 605 பெண்களைக் கொண்டு பிரித்தானியாவில் நடத்தப்பட்டு அதே ஆண்டில் வெளியான பரிசோதனை காட்டியது. எனவே மாத்திரையை எழுதிக் கொடுத்ததுடன் கடமை முடிந்ததாகக் கருத இடமில்லை. அளவு 100 ஐத் தாண்டினால் 35, 36 ஆவது வாரங்களிலேயே பிரசவத்தை நிகழ்த்துவது பற்றி ஆலோசிக்குமாறு பிரித்தானிய மகப்பேற்று நிபுணர்களின் வழிகாட்டல் கூறுகின்றது.

தாயையும் பிள்ளையையும் இந்நோய் இணைக்கும் இடம் ஒன்றுண்டு. பித்தத்தை வெளியேற்றும் புரதங்களுக்கான மரபணுவொன்றில் ஒரு பிரதி மட்டும் பழுதுற்றிருந்தால், அது கர்ப்பகாலத்தில் அரிப்பாக வெளிப்படலாம். தாயும் தந்தையும் அதே பழுதைக் கொண்டிருந்து, இரு பிரதிகளும் பழுதாகப் பெறும் பிள்ளைக்கு ஈரலே படிப்படியாக அழியக்கூடும். அத்தகைய பெற்றோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. மச்சான், மச்சாள் முறையில் மணம் முடிக்கும் வழக்கம் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் உள்ளமையால் இதனைச் சொல்லாமல் விட இயலவில்லை. வழக்கத்தைப் பழிப்பது எமது நோக்கமன்று. அத்தகைய குடும்பத்தில் முன்னர் ஒரு பிள்ளை மஞ்சளோடு இறந்திருப்பின், அச்செய்தியை வைத்தியரிடம் மறைக்கலாகாது என்பதே எமது வேண்டுகோள். இப்பிள்ளைகளின் தாங்கொணா அரிப்புக்கு 2021 இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புதிய மருந்து அனுமதிக்கப்பட்டது. அதன் விலையோ எமது நாட்டவர் எண்ணிப் பார்க்கக் கூடியதன்று.

சிசுவின் விடயத்தில் இரண்டு வாரமே எல்லை. அதற்குப் பின்னரும் மஞ்சள் நீடித்தால் இரத்தம் பரிசோதிக்கப்பட வேண்டும். மலம் சுண்ணாம்பு போன்று வெளிறியிருப்பதும், சிறுநீர் துணியில் மஞ்சட் கறை படியச் செய்வதும் எந்த வயதிலும் அபாய அறிகுறிகளே. ஈரலுக்கு வெளியேயுள்ள பித்தக்குழாய் அடைபட்ட சிசுக்களும் இதே அறிகுறிகளுடனேயே வருகின்றனர். ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் மோரியோ கசாய் கண்டறிந்த சத்திரசிகிச்சை, பிறந்து 60 நாட்களுக்குள் செய்யப்படும்போதே அவர்களுக்கு நன்கு பயனளிக்கின்றது. மேலும், பித்தம் குடலை அடையாதபோது உயிர்ச்சத்து கே உறிஞ்சப்படாமல், மூளையில் திடீர் இரத்தக்கசிவும் நேரலாம். தாய்வான் 2004 இல் மலத்தின் நிறங்களைக் காட்டும் அட்டையை நாடு முழுவதும் தாய்மாரிடம் கொடுத்தது. அதன் பின்னர் உரிய காலத்தில் சத்திரசிகிச்சை பெற்ற சிசுக்களின் விகிதம் அங்கு உயர்ந்தது.

எமது பேச்சில் இவையனைத்துக்கும் 'செங்கமாரி' என்ற ஒரே பெயர்தான். அழுக்குற்ற கிணற்று நீரால் தொற்றும் ஈரல் அழற்சிக்கும் அதே பெயர். கைமருந்தும் அதே கீழ்க்காய்நெல்லி. தொற்று பெரும்பாலும் தானே மாறுவதால் மருந்துக்குப் புகழ் சேர்கின்றது. அப்புகழை நம்பி மற்றைய பிள்ளையின் நாட்கள் கழிகின்றன. 1847 இல் இங்கு வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவத்தைக் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீனின் மாணவர்கள் நடமாடிய மண்ணில், இந்நோய்களைப் பிரித்துச் சொல்லத் தனித்தனிச் சொற்கள் வீடுகளுக்குள் இன்னும் நுழையவில்லை.

வீட்டுக்கு வீடு செல்லும் குடும்பநல உத்தியோகத்தரே இதில் முதல் அரண். ஆயினும் நெடுந்தீவிலிருந்து ஒரு சிசுவைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவரப் படகு வேண்டும். அங்கிருந்து கொழும்பு சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில், மீளத் திரும்பியும் புத்தளத்துக்கும் சோனகத் தெருவுக்கும் இடையே மாறிமாறி வாழும் குடும்பங்கள் உள்ளன. பிரசவம் ஓரிடம், பராமரிப்பு இன்னோரிடம் என்றாகும்போது எந்த உத்தியோகத்தரின் பதிவிலும் அகப்படாமல் சிசு தவறிவிட இடமுண்டு. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுச் சென்றமை இந்த இடைவெளியை மேலும் அகலச் செய்துள்ளது.

வட மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் நாம் வேண்டுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. இரண்டு வாரத்தைக் கடந்த ஒவ்வொரு சிசுவின் மலத்தின் நிறமும் தாயிடம் கேட்கப்பட்டுப் பதியப்பட வேண்டும். இரவில் அரிக்கின்றது என்று சொல்லும் கர்ப்பிணியின் இரத்தம் அன்றே எடுக்கப்பட வேண்டும். பித்த அமிலப் பரிசோதனைக்காக எந்தத் தாயும் தனியார் ஆய்வுகூடத்தின் வாசலில் பணத்தை எண்ணிக்கொண்டு நிற்கும் நிலை ஏற்படலாகாது. தீவகத்துக்கும் மீளக்குடியேறிய குடும்பங்களுக்கும் தனிப் பதிவேடு திறக்கப்பட வேண்டும். அறுபதாம் நாளுக்கு முன்னரே கொழும்புக்கு அனுப்பப்படும் சிசுவுடன் செல்லும் தாய்க்குத் தங்குமிடமும் பிரயாணச் செலவும் யார் பொறுப்பு என்பதையும் திணைக்களம் இப்போதே அறிவிக்க வேண்டும்.