கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும்தான் படிப்பா? இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் பற்றி நம் பெற்றோர்கள் அறிய வேண்டியவை

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததும் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?" கவுன்சலிங்கில் கிடைக்காவிட்டால், வளைகுடாவில் தகப்பனார் வருடக்கணக்காகச் சேர்த்த பணத்தைக் கொட்டி, பெயர் தெரியாத கல்லூரியிலாவது அந்தப் பிரிவை வாங்கிவிடுகிறோம். பிள்ளைக்கு அதில் விருப்பம் உண்டா, வேறு வழி இருக்கிறதா என்று கேட்பதில்லை. அப்படி நாம் கேட்காமல் கடந்துபோகும் பிரிவுகளில் ஒன்றுதான் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் எனும் தொழிலகப் பொறியியல்.

இது என்ன படிப்பு?

பெயரைக் கேட்டதும் ஐ.டி.ஐ. படிப்பு என்றோ, சேஃப்டி ஆபீசர் கோர்ஸ் என்றோ நம்மில் பலர் நினைக்கிறோம். இரண்டும் அல்ல. மெக்கானிக்கல் படித்தவர் இயந்திரத்தை வடிவமைக்கிறார். இண்டஸ்ட்ரியல் படித்தவரோ மனிதர்கள், இயந்திரங்கள், மூலப்பொருள், நேரம் ஆகிய நான்கையும் வீணாகாமல் இணைத்து வேலையை நடத்தும் முறையை வடிவமைக்கிறார்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தையல் வரிசையில் ஐந்து பேர். நால்வரின் வேலைக்குத் தலா 40 விநாடி, ஒருவரின் வேலைக்கு மட்டும் 60 விநாடி. மணிக்கு 90 உருப்படி வரும் என்று முதலாளி கணக்குப் போடுவார். வருவதோ 60தான், ஏனென்றால் மெதுவான இடமே மொத்த வேகத்தைத் தீர்மானிக்கிறது. அந்த 60 விநாடி வேலையைப் பிரித்து ஐவருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 44 விநாடி; மணிக்கு 80க்கு மேல் வரும். புது இயந்திரம் இல்லை, கூடுதல் ஆளும் இல்லை. இந்தக் கணக்கைத்தான் பெரிய அளவில் இந்தப் படிப்பு கற்றுத்தருகிறது.

நம் ஊர்களுக்கு ஏன் பொருந்துகிறது?

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது திருப்பூர் பனியன் தொழிலும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிலும் ஆட்டம் கண்டன. வரி ஏறலாம், இறங்கலாம். அது நம் கையில் இல்லை. ஆலைக்குள் வீணாகும் நேரத்தையும் பொருளையும் குறைப்பது நம் கையில் இருக்கிறது. வடாற்காட்டில் தலைமுறைகளாகத் தோல் தொழில் செய்யும் நம் குடும்பங்களுக்கு, அனுபவத்தோடு இந்த அறிவும் சேர்ந்தால் அது பெரும் பலம்.

செய்யாறு, பெரம்பலூர் பகுதிகளில் பெரிய காலணி ஆலைகள் இயங்குகின்றன. திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்களில் 'ஐ.இ.' என்று தனிப் பிரிவே உண்டு. கார் தொழிற்சாலை, கிடங்கு, மருத்துவமனை, துறைமுகம் ஆகியவற்றுக்கும் இவர்கள் தேவை. வளைகுடா செல்ல நினைப்பவர்களுக்கும் சரக்குப் போக்குவரத்துத் துறையில் வாய்ப்பு உண்டு.

தையல் பிரிவுகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய வேலையைத் திட்டமிடும் இடத்தில் நம் பெண் பிள்ளைகள் அமர்வது நல்லதுதானே?

குறைகளையும் சொல்லிவிடுவோம்

முதலாவது, இந்தப் பெயரில் இளநிலைப் படிப்பு வெகு சில கல்லூரிகளிலேயே உள்ளது. இரண்டாவது, பல வேலை அறிவிப்புகளில் மெக்கானிக்கல் என்று மட்டுமே இருக்கும். அரசு வேலையே குறிக்கோள் என்றால் மெக்கானிக்கல் பாதுகாப்பானது. மூன்றாவது, ஆலையில் தொடக்கச் சம்பளம் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் அளவுக்கு இருக்காது, ஷிப்டும் உண்டு. புள்ளியியலும் கணக்கும் பிடிக்காத பிள்ளையை இதில் தள்ளவே கூடாது.

இன்னொன்று. கடிகாரத்தை வைத்துத் தொழிலாளியைப் பிழிவதற்கும் இதே அறிவு பயன்படும், அவருடைய முதுகுவலியைக் குறைப்பதற்கும் பயன்படும். எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது நம் பிள்ளைகளிடம் ஒப்படைக்கப்படும் அமானிதம்.

எங்கே, எப்படிச் சேர்வது?

சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் துறை இருக்கிறது. மாநிலக் கவுன்சலிங்கில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கட் ஆஃப். 2007 முதல் நமக்குள்ள 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இங்கே பொருந்தும்.

திருச்சி என்.ஐ.டி.யில் இதற்கு நெருக்கமான புரொடக்‌ஷன் இன்ஜினியரிங் உண்டு, ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். மத்திய அரசு நிறுவனங்களில் முஸ்லிம்களுக்குத் தனி ஒதுக்கீடு கிடையாது, ஓ.பி.சி.க்கான 27 சதவீதத்துக்குள்தான் போட்டி. அதற்கு மத்திய அரசு படிவத்தில் கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ் தேவை. மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் ஒன்றல்ல என்பதால், நம் பிரிவு அதில் உள்ளதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது அவசியம்.

இடம் கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் அல்லது புரொடக்‌ஷன் முடித்து, கேட் தேர்வு எழுதி மேற்படிப்பில் இதற்குள் வரலாம். இத்துறைக்கென்றே 1963இல் மும்பையில் தொடங்கப்பட்ட 'நிட்டி' நிறுவனம் 2023இல் ஐ.ஐ.எம். மும்பையாக மாறியது. நிர்வாகப் படிப்புக்கும் இத்துறைக்கும் உள்ள நெருக்கத்துக்கு இதுவே சான்று.

ஊரே ஓடுகிறது என்பதற்காக நாமும் ஓட வேண்டியதில்லை. விண்ணப்பம் போடும் முன் பிள்ளையை ஒரு பனியன் கம்பெனிக்கோ ஷூ கம்பெனிக்கோ ஒருநாள் அழைத்துச் சென்று காட்டுங்கள். அங்கே "இது ஏன் இப்படி நடக்கிறது, இன்னும் எளிதாகச் செய்யலாமே" என்று அந்தப் பிள்ளை கேட்டால், இந்தப் பிரிவைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம்.