நூறு சதவீதத் தேர்ச்சி: யாரைக் கழித்த கணக்கு?

தேர்வு முடிவு வந்த மறுநாளே பள்ளி வாசல்களில் ஃபிளெக்ஸ் பேனர்கள் ஏறிவிடுகின்றன. மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. பிள்ளைகளின் முகங்களை விளம்பரமாக்கும் பழக்கம் போகவில்லை. முதல் மதிப்பெண் வாங்கிய மாணவியைத் தாராளமாகக் கொண்டாடட்டும், அது அவள் உழைப்பு. என் கோபமெல்லாம் அதே பேனரில் கொட்டை எழுத்தில் இருக்கும் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ மீதுதான்.

இந்தச் சதவீதம் தேர்வெழுதியவர்களை மட்டும் வைத்துப் போடுவது. 2025இல் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம் என்று அறிவித்ததும் அப்படித்தான். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் தடுமாறும் 24 பேரின் பெற்றோரை அழைத்து, “வேறு ஸ்கூல் பாத்துக்குங்க” என்று டி.சி.யை நீட்டுகிறார்கள். மிச்சமுள்ள 96 பேரும் பத்தாம் வகுப்பில் தேறினால் நூறு சதவீதம். உள்ளே வந்தவர்களைக் கொண்டு கணக்கிட்டால் எண்பதுதான். எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்க முடியாது. அதனால் கத்தி ஒன்பதில் விழுகிறது. தேர்வெழுதுவோர் பட்டியலான நாமினல் ரோல் தயாராவதற்குள் காரியம் முடிந்துவிடும். வெளியேற்றப்பட்டவன் அரசுப் பள்ளியில் சேர்ந்து தோற்றால், அந்தத் தோல்வி அரசுப் பள்ளியின் கணக்கில் ஏறுகிறது!

இதே எண்ணுக்காகப் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளைக் கட்டுப்படுத்தத்தான் 2017-18இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. மன அழுத்தம் குறையுமாம். குறையாது. பிள்ளைகளை அழுத்துவது பேனருக்கு வேண்டிய எண். இனி அந்த எண்ணுக்கான ஓட்டம் பதினொன்றிலேயே தொடங்கிவிடும்.

ஊக்கம் தரத்தானே இந்தப் பேனர் என்பவர்கள், டி.சி.யோடு வீடு திரும்பிய பிள்ளையிடம் போய் அதைச் சொல்லட்டும். அரசும் நூறு சதவீதம் காட்டிய தலைமையாசிரியர்களைத்தான் மேடையேற்றுகிறது. யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தவனையும் தேறவைத்து 85 சதவீதம் காட்டுபவருக்கு அந்த மேடையில் இடமில்லை.

ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித்துறைத் தரவுத்தளத்தில் எமிஸ் எண் இருக்கிறது. எந்தப் பள்ளியில் ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தில் எத்தனை பேர் எழுதினார்கள், இடையில் போனவர்கள் எங்கே என்பதைத் தேர்வு முடிவோடு சேர்த்தே கல்வித்துறை வெளியிட வேண்டும். பதில் சொல்ல மறுக்கும் பள்ளிக்கு அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கூடாது. இதைச் செய்தால் இரண்டே ஆண்டில் டி.சி. கொடுத்து விரட்டுவது அடியோடு நின்றுவிடும்.