கொந்தராத்தும் மாரிமழையும்

வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயிலிலே பழைய தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. தென்மதில் கயிலாய வன்னியனாரின் உபயம் என்றும், ஏனைய மதில்கள் வேறு அன்பர்களின் உபயம் என்றும் அது பகர்கின்றது. பக்தியால் எழுந்த மதிலுக்கே யார் பங்கு எது என்று கல்லில் எழுதி வைத்தனர் நம் முன்னோர். அங்ஙனமாயின், இலாப நட்டம் கருதி எழுப்பும் கடைக்கும் களஞ்சியத்துக்கும் வாய்ச்சொல் போதுமா?

வெருகலில் நெற்களஞ்சியம் ஒன்று கட்ட முனையும் வணிகரை எண்ணிப் பார்ப்போம். அவரும் கொந்தராத்துக்காரரும் நெடுநேரம் பேசுவது தொகையைப் பற்றியே. தொகை படிந்ததும் வெற்றிலை மாற்றி எழுந்துவிடுகின்றனர். ஆனால், பிணக்குப் பிறப்பது பேசிய தொகையிலன்று, பேசாது விட்டவற்றிலேதான்.

முதலாவது, மழை. மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு கடலை நாடும் தாழ்நிலம் இது. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் பெருகினால் அத்திவாரக் குழி குளமாகும். மணல் லொறி வழியிலே நின்றுவிடும். பங்குனியில் தொடங்கும் வேலையும் புரட்டாதியில் தொடங்கும் வேலையும் ஒன்றாகா. தாமதிக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு ஈடு என்று எழுதுவோர், வெள்ளத்தால் இழந்த நாளுக்குத் தவணை நீடிப்பு உண்டா, அதனை எத்தனை நாளுக்குள் எழுத்தில் கோர வேண்டும் என்பவற்றையும் எழுதுதல் வேண்டும்.

இரண்டாவது, விலையேற்றம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாவையும் தாண்டிற்று. சீமெந்தும் கம்பியும் உடன் ஏறின. விலை மாற்றத்துக்கு வாசகம் எழுதாது ஒப்பமிட்ட கொந்தராத்துக்காரர் என் செய்வார்? நட்டத்தைத் தாமே விழுங்க வேண்டும். அன்றேல் வேலையைக் கைவிட வேண்டும். "மாறாத விலை நமக்கு நன்மை" என்று மகிழ்ந்த உடைமையாளருக்கும் மிஞ்சுவது கூரையில்லாத சுவரே. சுமையை ஏழைத் தோளில் ஏற்றிவிடுவது சாமர்த்தியமன்று. எவ்வளவு ஏறினால் யார் எவ்வளவு ஏற்பது என்று முன்னரே பங்கிடுவதே நல்ல பேரம்.

இவற்றையெல்லாம் புதிதாக எழுதிச் சிரமப்பட வேண்டியதில்லை. 1913இல் தோன்றிய ஃபிடிக் எனும் சர்வதேச ஆலோசனைப் பொறியியலாளர் சம்மேளனம், 1957 முதல் நிர்மாண வேலைக்கான நியமப் படிவங்களை வெளியிட்டு வருகின்றது. இலங்கையிலும் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் படிவங்கள் உள. அளவுப் பட்டியல், மேலதிக வேலைக்கு எழுத்துமூல உத்தரவு, குறைகள் தீரும்வரை நிறுத்திவைக்கும் பணம் ஆகிய யாவற்றுக்கும் அவற்றில் இடமுண்டு. பிணக்கை நீதிமன்றுக்கு வெளியே நடுவர் முன் தீர்க்க விரும்புவோர்க்கு 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் துணைநிற்கும். ஆயினும், படிவத்தை வாங்கி ஒப்பமிட்டால் மட்டும் போதாது. அதில் வெருகலின் மழையையும் சந்தையின் விலையையும் பொருத்தி எழுதுவது நம் கடனாகும்.

"எழுத்துக் கேட்டால் நம்பிக்கையில்லை என்று நினைப்பாரே" எனத் தயங்குவோர் நம்மிடையே பலர். மாணவர்களே, எண்ணிப் பாருங்கள்: இருவரும் நண்பராயிருக்கும் நாளில் எழுதுவதுதான் எளிது. வெள்ளம் வந்த பின்னர் பேனா எடுப்போர், பெரும்பாலும் வழக்குரைஞரின் மேசையிலேயே எழுத நேரிடும்.