நின்றவர் தோற்றவர் அல்லர்



இம்மாதம் உங்களை லண்டன் மாநகரின் வீதிகளுக்கு அழைத்துச் செல்ல எண்ணுகிறேன். அரண்மனையையும் அருங்காட்சியகத்தையும் காட்டுவதற்காக அன்று. ஆண்டுதோறும், பெரும்பாலும் ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அந்நகரில் நடைபெறும் நெடிய ஓட்டமொன்றைக் காட்டுவதற்காக. மாரத்தான் என்பது அதன் பெயர். தொலைவு 42 கிலோமீட்டர் 195 மீட்டர். பேருந்தில் அமர்ந்து சென்றாலே அலுப்புத் தட்டும் தொலைவு அது. அதனை மனிதர்கள் தம் இரு கால்களால் ஓடிக் கடக்கிறார்கள்.

1981ஆம் ஆண்டு இவ்வோட்டம் தொடங்கப் பெற்றபோது முடிவுக் கோட்டைத் தொட்டவர்கள் 6,255 பேர். 2025ஆம் ஆண்டில் தொட்டவர்களோ 56,000 பேருக்கும் அதிகம். 2026ஆம் ஆண்டு ஓட்டத்திற்கு விண்ணப்பம் அனுப்பியவர்கள் 11 இலட்சத்திற்கும் மேல். குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் பெரும்பாலோருக்கு இடம் கிடைக்கும்.

முதற்பரிசோ ஆண்களில் ஒருவருக்கு, பெண்களில் ஒருவருக்கு. அப்பரிசு தமக்கில்லை என்பது மற்ற பல்லாயிரவருக்கும் புறப்படும் முன்பே தெரியும். தெரிந்தும் ஏன் ஓடுகிறார்கள்? விடை காண நூறாண்டுகளுக்கும் முன்பு, அதே நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்க வேண்டும்.

விழுந்து எழுந்த மனிதர்

1908ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள். லண்டனில் ஒலிம்பிக் பந்தயங்கள். விண்ட்ஸர் கோட்டையிலிருந்து ஒயிட் சிட்டி விளையாட்டரங்கம் வரை மாரத்தான் ஓட்டம். இன்று உலகெங்கும் கடைப்பிடிக்கப்படும் 42.195 கிலோமீட்டர் என்ற அளவு அன்று ஓடிய தொலைவுதான். 1921ஆம் ஆண்டு அது நிலையான அளவாக ஏற்கப்பட்டது.

அன்று முதலாவதாக அரங்கினுள் நுழைந்தவர் டொராண்டோ பியட்ரி என்னும் இத்தாலியர். இனிப்புப் பண்டம் செய்வது அவர் தொழில். கடும் வெயில் அவருடைய நினைவைக் குலைத்திருந்தது. திசை தவறி ஓடினார், திருப்பி விட்டார்கள். விழுந்தார், எழுந்தார், மீண்டும் மீண்டும் விழுந்தார். பார்த்துக் கொண்டிருந்த அலுவலர்களுக்கு மனம் பொறுக்கவில்லை. கைத்தாங்கலாகப் பிடித்து அவரை முடிவுக் கோட்டைக் கடக்கச் செய்தார்கள்.

32 விநாடிகள் கழித்து அமெரிக்க வீரர் ஜானி ஹேய்ஸ் வந்து சேர்ந்தார். அமெரிக்கர்கள் முறையிட்டார்கள். பிறர் உதவியோடு முடித்தவர் என்று பியட்ரி விலக்கப்பட்டார். தங்கம் ஹேய்ஸுக்குப் போயிற்று. விதியின்படி அது சரியான தீர்ப்பே. ஆயினும் மறுநாள் அரசி அலெக்ஸாண்டிரா பொன்முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணமொன்றைப் பியட்ரிக்கு அளித்துச் சிறப்புச் செய்தார். விதி ஒன்றைச் சொல்லிற்று. மனித மனம் வேறொன்றைச் சொல்லிற்று.

இந்த இரண்டையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் இவ்விடத்திற்கே திரும்பி வருவோம்.

கைகோத்து வந்த இருவர்

1979ஆம் ஆண்டு கிறிஸ் பிரேஷர் என்ற ஆங்கிலேயர் நியூயார்க் நகர மாரத்தானில் ஓடினார். 1956ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர் அவர், பத்திரிகையாளரும் கூட. பல இனத்தாரும் பல நிறத்தாரும் ஒரே சாலையில் ஒருவரையொருவர் ஊக்குவித்து ஓடிய காட்சி அவர் உள்ளத்தை உருக்கிவிட்டது. நம் லண்டனில் இப்படியொரு திருவிழாவை நடத்த இயலாதா என்று எழுதினார். தம் நண்பர் ஜான் டிஸ்லியுடன் சேர்ந்து அதனைச் செயலிலும் காட்டினார்.

1981 மார்ச் 29 அன்று, மழை தூறும் காலையில், முதல் ஓட்டம் நடந்தது. முன்னணியில் வந்த இருவர் அமெரிக்கரான டிக் பியர்ட்ஸ்லியும் நார்வே நாட்டவரான இங்கே சைமன்சனும். ஒருவரை ஒருவர் முந்துவதற்கான கடைசிக் கணத்தில் இருவரும் கைகோத்தார்கள். கோத்த கையோடு கோட்டைத் தாண்டினார்கள். இருவரும் வென்றவர்கள் என்றே ஏட்டில் பதிவாயிற்று.

பெண்களில் முதலில் வந்தவர் யார் தெரியுமா? 43 வயதான ஜாய்ஸ் ஸ்மித், இரண்டு பிள்ளைகளின் தாய். அடுத்த ஆண்டும் அவரே வென்றார். "எனக்கு வயதாகிவிட்டது" என்று அடுப்படியில் அமர்ந்து பெருமூச்சு விடும் சகோதரிகள் இப்பெயரைக் குறித்துக் கொள்ளலாம்.

நீங்களே ஓடுவதாக எண்ணுங்கள்

இனி, அச்சாலையில் நீங்களே ஓடுவதாக எண்ணிக் கொள்ளுங்கள்.

தென்கிழக்கு லண்டனின் பிளாக்ஹீத் திடலிலும் அதையடுத்த கிரீனிச் பூங்காவிலும் காலையிலேயே கூட்டம் நிரம்பி வழிகிறது. குளிருக்காகப் பழைய சட்டையொன்றை மேலே அணிந்திருக்கிறீர்கள். புறப்படும்போது அதனைக் கழற்றிப் போட்டால் ஏழைகளுக்கென எடுத்துச் செல்வார்கள். பக்கத்தில் நிற்பவரின் மார்பில் ஒரு புகைப்படம். நோயில் இறந்துபோன தம் அன்னையின் படம் அது. அந்நோயை ஆராயும் தொண்டு நிறுவனத்திற்கு நிதி திரட்டவே அவர் ஓடுகிறார். இவ்வாறு இவ்வோட்டத்தின் வாயிலாக இதுவரை அறப்பணிகளுக்குத் திரண்ட தொகை 100 கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது.

தொடக்கம் எளிதாக இருக்கிறது. இறக்கமான பாதை, இருமருங்கும் ஆரவாரம். உங்கள் சட்டையில் எழுதியிருக்கும் பெயரைப் படித்து, முன்பின் அறியாதவர்கள் உரக்க அழைக்கிறார்கள். சிறுவர்கள் கைநீட்டி மிட்டாய் தருகிறார்கள். உற்சாகம் மிகுந்து வேகத்தைக் கூட்டத் தோன்றும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். முதற் பாதியில் வீணாக்கிய வேகத்திற்கு மறுபாதியில் வட்டியோடு விலை கொடுக்க வேண்டி வரும்.

கட்டி ஸார்க் என்னும் பழைய பாய்மரக் கப்பலைச் சுற்றி வருகிறீர்கள். 20 கிலோமீட்டர் தாண்டியதும் தேம்ஸ் நதியின் மேல் டவர் பாலம். அதைக் கடந்து வலப்புறம் திரும்பினால் மனத்தை உலுக்கும் ஒரு காட்சி. அதே சாலையின் மறுபக்கத்தில், உங்களை விட 13 கிலோமீட்டர் முன்னால் இருப்பவர்கள் எதிர்த்திசையில் திரும்பி வந்து கொண்டிருக்கிறார்கள். நீங்களோ இன்னும் கிழக்கு நோக்கிப் போக வேண்டியவர். அவர்களைப் பார்த்துக் கால் தளர்ந்துவிடுபவர்கள் பலர். தம் பக்கத்துச் சாலையில் மட்டும் கண்ணை வைத்தவர்கள் போய்க்கொண்டே இருப்பார்கள்.

30 கிலோமீட்டரை ஒட்டி ஒரு சோதனை காத்திருக்கிறது. ஓட்டக்காரர்கள் அதனைச் "சுவர்" என்கிறார்கள். தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்து அவ்வேளையில் தீர்ந்துபோகிறது. உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. அதிலிருந்து ஆற்றல் மெதுவாகத்தான் கிடைக்கும். கால்கள் இரும்பாகக் கனக்கின்றன. காரணமின்றிக் கண்ணீர் வரும். "எதற்காக வந்தேன்?" என்று தன்னையே கேட்கத் தோன்றும். நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் அங்கேயே விலகி மருத்துவக் கூடாரத்தை நாடுவதே அறிவு. மற்றவர்கள் நடக்கிறார்கள், சற்று நிற்கிறார்கள், பிறகு மறுபடி ஓடுகிறார்கள். நடந்ததற்காக எவரும் அவர்களை ஏளனம் செய்வதில்லை.

தேம்ஸ் கரையோரமாகப் பிக் பென் கடிகாரத்தைத் தாண்டி, பக்கிங்ஹாம் அரண்மனைக்கு எதிரே திரும்பினால் மால் என்னும் அகன்ற சாலை. அங்கே முடிவுக் கோடு. முதல்வர்கள் இரண்டு மணி நேரத்தை ஒட்டி வந்து போய்விட்டார்கள். ஐந்து, ஆறு, ஏழு மணி நேரமானவர்களும் வந்த வண்ணம் இருக்கிறார்கள். கடைசியில் வருபவர்களோடு கூடவே நடந்து வருவதற்கென்றே தொண்டர்கள் உண்டு. முதலில் வந்தவர் ஓடிய அதே தொலைவைத்தான் கடைசியில் வந்தவரும் கடந்திருக்கிறார்; அவரை விட நெடுநேரம் துன்பத்தைத் தாங்கியும் இருக்கிறார்.

ஃபவுஜா சிங் என்ற பஞ்சாபிப் பெரியவர் 2000ஆம் ஆண்டில் தம் முதல் மாரத்தானை இச்சாலையில்தான் 6 மணி 54 நிமிடங்களில் முடித்தார். அப்போது தமக்கு 89 வயது என்றார். மனைவியையும் மகனையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த துயரத்திலிருந்து மீளவே அவர் ஓடத் தொடங்கினார். 2025ஆம் ஆண்டு இறக்கும் வரை அவர் பெயர் உலகெங்கும் ஒலித்தது.

நோன்பாளியின் ஓட்டம்

நம் வாசகர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஒருவர் ஸிஃபான் ஹஸன். எத்தியோப்பியாவில் பிறந்து, 15 வயதில் அகதியாக நெதர்லாந்தை அடைந்த முஸ்லிம் பெண். செவிலியர் படிப்புப் படித்துக் கொண்டே ஓடப் பழகியவர். குறுகிய தொலைவுகளில் பல பதக்கங்கள் பெற்றிருந்தும் மாரத்தானில் அவர் ஓடியதில்லை. 2023 ஏப்ரல் 23 அன்று லண்டனில் முதன்முறையாகக் களமிறங்கினார். நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டே நாட்கள் ஆகியிருந்தன. ரமலான் முழுவதும் பகலில் நோன்பு நோற்றுக் கொண்டே பயிற்சி செய்திருந்தார். அதனால், ஓடும்போதே நீர்ப் புட்டியை எடுத்துப் பருகும் பழக்கம்கூட அவருக்குக் கைவரவில்லை.

பாதி வழி செல்வதற்குள் இடுப்பு வலி பிடித்துக் கொண்டது. உலகின் தலைசிறந்த வீராங்கனைகள் முன்னே பறந்து கொண்டிருக்க, ஸிஃபான் நின்றார். சாலையிலேயே நின்று காலை நீட்டி மடக்கினார். சிறிது ஓடி மறுபடியும் நின்றார். முன்னணியினர் 25 விநாடிகளுக்கு மேல் விலகிப் போய்விட்டனர். "இவர் கதை முடிந்தது" என்றே பார்த்தவர்கள் எண்ணியிருப்பார்கள்.

அவர் அப்படி எண்ணவில்லை. சிறுகச் சிறுக இடைவெளியைக் குறைத்தார். நீர் எடுக்கப் பக்கவாட்டில் விலகியபோது மோட்டார் சைக்கிள் ஒன்றில் மோதத் தெரிந்தார், அதற்கும் தப்பினார். இறுதியில், மால் சாலையில், 2 மணி 18 நிமிடம் 33 விநாடியில் முதலாவதாகக் கோட்டைத் தொட்டார். இரண்டாமவர் வந்தது 4 விநாடிகள் கழித்து. அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானிலும் தங்கம் வென்று, ஹிஜாப் அணிந்து மேடையேறி அப்பதக்கத்தைப் பெற்றுக் கொண்டார்.

நம்மில் எத்தனை பேர் நின்றதோடு முடிந்துவிட்டது என்று கருதியிருப்போம்!

தோள் கொடுத்தவர்

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 23. அதே மால் சாலை. மான்செஸ்டர் நகரிலிருந்து வந்த ஓட்டக்காரர் ஒருவரின் கால்கள் முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் துவண்டுவிட்டன. எழ முயல்கிறார், சரிகிறார். பலர் அவரைக் கடந்து ஓடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களும் தம் உயிரைப் பிடித்துக் கொண்டு ஓடியவர்களே.

வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த இன்னொருவர், தம் கைக்கடிகாரத்தின் விநாடிகளை எண்ணிக் கொண்டு ஓடி வந்தவர், நின்றார். விழுந்தவரின் கையைத் தம் தோளில் போட்டுக் கொண்டார். அலுவலர் ஒருவரும் மறுபக்கம் தாங்கினார். மெல்ல மெல்ல நடந்து இருவரும் ஒன்றாகக் கோட்டைக் கடந்தார்கள். பல மாதங்கள் பாடுபட்டுக் குறைக்க நினைத்த விநாடிகளை அவர் அங்கே கொட்டிவிட்டார். அன்று உலகம் முழுவதும் காட்டப்பட்ட காட்சிகளில் அதுவும் ஒன்று.

1908ஐ நினைத்துப் பாருங்கள். அதே நகரம், அதே தொலைவு, அதே கைத்தாங்கல். தங்கப் பதக்கம் ஒருவருக்கே என்ற பந்தயத்தில் அது குற்றமாயிற்று. ஆயிரமாயிரம் பேர் ஒன்றாக ஓடும் ஓட்டத்தில் அதுவே பெருமையாயிற்று.

நம் இல்லங்களில்...

வாசகப் பெருமக்களே, நம் இல்லம் இவ்விரண்டில் எந்த வகை ஓட்டம்?

தேர்வில் தவறிய மகன் ஒரு மூலையில் முடங்கிக் கிடக்கிறான். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அவன் காதுபடச் சொல்லிச் சொல்லி, சாலையின் மறுபக்கத்தையே அவனுக்குக் காட்டிக் கொண்டிருக்கிறோம். வளைகுடாவில் வேலை இழந்து திரும்பிய தம்பி பள்ளிவாசலுக்குச் செல்லவும் கூசுகிறான், "எப்போது திரும்பப் போகிறாய்?" என்ற கேள்விக்கு அஞ்சி. மணவாழ்வு முறிந்து தாய்வீடு வந்த மகளை, வாழ்வே முடிந்தவளாக நாமே தீர்ப்பெழுதி வைத்திருக்கிறோம். இவர்கள் யாரும் விலகிவிடவில்லை. நின்றிருக்கிறார்கள், அவ்வளவே. வலிக்கும் காலை நீவிக் கொள்ள அவர்களுக்குச் சற்று நேரம் வேண்டும்.

அவர்களுக்காக நாம் ஓட முடியாது. தூக்கிச் சென்று கோட்டைத் தாண்ட வைப்பதும் அவர்களுக்குச் செய்யும் நன்மையாகாது. அவர்கள் வேகத்திற்கு நம் நடையைக் குறைத்துக் கொண்டு கூட நடக்கலாம். பெயர் சொல்லி அன்பாக அழைக்கலாம். கேள்வி கேட்காமல் ஒரு வேளை உணவை அருகிலிருந்து பரிமாறலாம். நமக்குச் சில விநாடிகள் குறையும், குறையட்டுமே!

இன்றிரவு உணவுக்கு அமரும்போது, உங்கள் வீட்டில் நின்றிருப்பவர் யார் என்று பாருங்கள். அவர் பக்கத்தில் போய் அமருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.