தீவக மாணவரின் பல்கலைக்கழகத் தெரிவு

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும்போதெல்லாம் முன்னணிக் கல்லூரிகளின் சாதனைகள் பத்திரிகைகளை நிறைக்கின்றன. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ சித்தியெய்திய மாணவர், எங்கே படிப்பது, எவ்வாறு படிப்பது என்ற கேள்வியுடன் தனித்து நிற்பது பலரது கவனத்துக்கும் வருவதில்லை.

பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீதமானோர் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதமானோர் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சியோர் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்தும் அனுமதிக்கப்படுகின்றனர். 1970களின் தரப்படுத்தல் ஏற்படுத்திய காயம் மறக்கற்பாலதன்று. ஆயினும், இன்றைய முறையில் நெடுந்தீவு மாணவர் யாழ். நகரின் பெரிய கல்லூரி மாணவருடன் ஒரே மாவட்டப் பட்டியலில் போட்டியிட வேண்டியுள்ளது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளோ அம்மாவட்டத்தாருடன் போட்டியிட நேர்ந்தது. இரு சாராரின் இடர்களையும் மாவட்டம் என்ற அளவுகோல் அளக்கவில்லை.

அனுமதி கிடைத்த பின்னரும் இடர் தீர்வதில்லை. 1981இல் தொடங்கப்பட்ட மஹாபொல புலமைப்பரிசிலை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்த 2025 வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் வீட்டிலிருந்து பஸ்ஸில் செல்பவருக்கும் அறை வாடகை செலுத்துபவருக்கும் தொகை ஒன்றே. ஊர்காவற்றுறை மாணவர் பண்ணை வீதியால் திருநெல்வேலிக்குச் சென்று திரும்பலாம். குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டிய நெடுந்தீவு மாணவருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் தொலைவிலேயே உள்ளது.

எனவே, அண்மை என்பதை மட்டும் கருதித் தெரிவு செய்தல் தகாது. விண்ணப்பத்தில் உண்மையாக விரும்பும் பாடநெறியே முதலிடம் பெற வேண்டும். இசட் புள்ளி இடமளிக்கும் மிக உயர்ந்த விருப்பமே வழங்கப்படும். அச்சத்தால் இலகுவானதை மேலே எழுதுபவர் சிறந்ததை இழப்பார். பேராதனை, கிளிநொச்சி, வவுனியா, ஒலுவில் ஆகியவற்றையும் பாடநெறி, விடுதி வசதி, பயிற்று மொழி ஆகியவற்றைக் கொண்டு ஒப்புநோக்க வேண்டும்.

சிறப்புப் பட்டம் நான்காண்டுகள். பொதுப் பட்டம் மூன்றாண்டுகள். உயர் ஆய்வுக்கும் விரிவுரையாளர் பதவிக்கும் வழிதிறப்பது பெரும்பாலும் முன்னையதே. தகுதியிருந்தும் நான்காம் ஆண்டின் செலவுக்கு அஞ்சி ஒரு மாணவர் பொதுப் பட்டத்துடன் வெளியேறுவாராயின், இழப்பு அவருக்கு மட்டுமன்று. ஒரு சமூகத்துக்கே உரியது.

புலம்பெயர் நாடுகளிலுள்ள தீவக ஒன்றியங்கள் ஆலயத் திருப்பணிகளுக்கு மனமுவந்து வழங்குகின்றன. அக்கரங்களே நான்காம் ஆண்டுக்கெனத் திறமைப் புலமைப்பரிசில் ஒன்றை, இன மத பேதமின்றி, தீவகத்தைப் பூர்வீகமாகக் கொண்ட முஸ்லிம் பிள்ளைகளையும் உள்ளடக்கி நிறுவ வேண்டும். பாடசாலைகளும் விண்ணப்ப காலத்தில் வழிகாட்டல் வழங்க வேண்டும். திறமைக்குக் கடல் தடையாவதை இனியும் நாம் பார்த்துக்கொண்டிருத்தலாகாது.