பரணில் தூங்கும் வாக்குவம் கிளீனரும் அத்தையின் இளைப்பும்

அருப்புக்கோட்டைப் பக்கம் கொஞ்சம் வசதியான வீடாகப் பார்த்து உள்ளே போனால் ஒரு தரம் பரணை எட்டிப் பாருங்கள். பித்தளை அண்டா, உடைந்த டேபிள் ஃபேன், யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்த சுவர்க்கடிகாரம், இதுக்கெல்லாம் நடுவில் தும்பிக்கையைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஒரு வாக்குவம் கிளீனர் தூங்கிக்கொண்டிருக்கும். ஏன் பரண்ல ஏத்திட்டீங்கன்னு கேட்டா எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "அது வெள்ளைக்காரனுக்குச் சரிப்பா. அவன் கார்ப்பெட் விரிச்சிருக்கான். நம்மளுக்கு வௌக்குமாறு போதும்."

நானும் ரொம்ப நாள் இந்தக் கட்சியில்தான் இருந்தேன். இப்போது மாறிவிட்டேன். கார்ப்பெட் விரித்த ஊரைவிட நம்ம கரிசக்காட்டுக்குத்தான் அந்த மெஷின் அதிகம் தேவை என்பது என் கருத்து. அடிக்க வராதீங்க, காரணம் சொல்லிவிடுகிறேன்.

எங்க பக்கத்துத் தூசு சாதாரணத் தூசு இல்லை. கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்து, மாட்டுக் காலிலும் டிராக்டர் சக்கரத்திலும் மாவாகி, ஆனி ஆடிக் காற்றில் கிளம்பும். காலையில் துடைத்த டிவி மேல் சாயங்காலம் விரலால் பேர் எழுதலாம். திருச்சுழியைத் தாண்டிப் போனால் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள், அந்தத் தூள் வேறு. அருப்புக்கோட்டை தெருக்களிலோ தறி. நூல் பிசிறும் கஞ்சித் தூளும் ஃபேன் இறக்கையில் பஞ்சு மாதிரி சுற்றிக்கொண்டு தொங்கும். மதுரை - தூத்துக்குடி நாலுவழிச் சாலை ஓரத்து வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்ப லேட்டாகத்தான் உறைத்தது. எங்க அப்பத்தா காலத்தில் தரை மண்தரை. சாணி போட்டு மெழுகியிருப்பார்கள், தூசியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வாசலைக் கூட்டுவதற்கு முன்னால் தண்ணீர் தெளிப்பார்கள், புழுதி எழும்பாது. அப்புறம் சிமெண்டுத் தரை வந்தது, ரெட் ஆக்சைடு வந்தது, மொசைக் வந்தது, இப்போது கண்ணாடி மாதிரி டைல்ஸ். தரை நாலு தடவை மாறிவிட்டது, வௌக்குமாறு மட்டும் மாறவில்லை. வழுவழு டைல்ஸில் தூசு ஒட்டாது. காய்ந்த தரையில் புல் துடைப்பத்தை வீசினால் கண்ணுக்குத் தெரிகிற குப்பை முறத்துக்கு வரும். கண்ணுக்குத் தெரியாதது எழும்பிக் கொஞ்ச நேரம் காற்றில் மிதந்துவிட்டு மறுபடி அங்கேயே உட்காரும். நடுவில் பாதி கூட்டுகிறவர் மூக்குக்குள் போகும்.

அத்தைக்கு அப்படித்தான் போயிருக்கிறது.

அத்தை வீட்டில் ரெண்டு தறி. வீட்டைக் கூட்டுவது, தறிக்கு அடியில் கூட்டுவது, பிசிறைத் தட்டுவது எல்லாம் அவர்தான், இருபத்தஞ்சு வருசமாக. விடியக்காலையில் இளைப்பு. முதலில் சளி என்றார்கள், அப்புறம் உடம்புச் சூடு, கடைசியில் ஒரு டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்துவிட்டுக் கேட்ட கேள்வி: "வீட்டைக் கூட்டுறது யாரு?" அத்தைக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "நாந்தேன். வேற யாரு கூட்டுவா?"

இந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரக் கதை. வாக்குவம் கிளீனர் பணக்காரன் ஆடம்பரம் என்று நினைப்பவர்களுக்காக. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம் கேண்டன் ஊரில் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்ளர் என்று ஒருத்தர். வேலை, ஒரு கடையில் தரை கூட்டுவது. அவருக்கும் ஆஸ்துமா. கூட்டக் கூட்ட இருமல் தாங்காமல் ஒரு ஃபேன் மோட்டார், சோப்புப் பெட்டி, வௌக்குமாத்துக் கட்டை, தலையணை உறை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஒரு மெஷின் செய்தார். 1908ல் காப்புரிமை வாங்கினார். கையில் காசில்லாமல் ஹூவர் குடும்பத்துக்கு விற்றார், அதுதான் பின்னாளில் ஹூவர் கம்பெனி. ஆக கையால் தள்ளிக்கொண்டு போகிற கரண்டு வாக்குவம் கிளீனரை வீட்டுக்குள் கொண்டுவந்தது மூச்சுவிட முடியாத ஒரு கூட்டுகிற ஆள்.

பஞ்சுத் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதும் புதுச் செய்தி இல்லை. பிஸினோசிஸ் என்று அதற்குப் பெயரே உண்டு. நம்ம நாட்டு 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் அது இருந்தது. பெரிய நூல் மில்களில் பஞ்சை உறிஞ்ச மெஷின் வரிசைக்கு மேலே தண்டவாளம் போட்டு ஒரு கருவி ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுத் தறியில் மில்லின் பஞ்சடிக்கிற ரூம் அளவுக்குத் தூசு கிடையாது, உண்மைதான். ஆனால் அங்கே ஷிப்டு முடிந்தால் வெளியே வந்துவிடலாம். இங்கே அந்தத் தூசுக்குப் பக்கத்திலேயேதான் பாய் விரித்துப் படுக்கிறார்கள்.

சரி, அப்படின்னா எல்லாரும் வாங்கின மெஷின் ஏன் பரணுக்குப் போச்சு?

ஏன்னா ஃபில்டரை யாரும் பார்க்கிறதே இல்லை. பழைய டைப் துணிப்பை மெஷினில் கரிசல் தூளை உறிஞ்சினால் முன்னாடி இழுத்துப் பின்னாடி ஊதும். பை நிரம்பாமலே துணியின் கண் அடைத்துக்கொள்ளும். இழுவை குறையும், மோட்டார் சூடாகும், ஒரு தீய்ந்த வாசம் வரும், "மெஷின் போச்சு"ன்னு தூக்கி மேலே வைத்துவிடுவார்கள். எங்க வீட்டு மெஷினும் இப்படித்தான் போனது. பிரித்துப் பார்த்தால் உள்ளே நாலு மாசத்துப் புழுதி மெத்தை மாதிரி! மெஷினைத் திட்டி என்ன செய்ய.

வாங்கப் போகிறவர்கள் கடைக்காரர் "2000 வாட்ஸ் சார்" என்றால் மயங்கவேண்டாம். வாட்ஸ் என்பது அது தின்கிற கரண்டு. உறிஞ்சுகிற சக்தியை கிலோபாஸ்கலில் தனியாகப் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். அதைவிட முக்கியம் வெளியே வரும் காற்று. ஹெப்பா ஃபில்டர் என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கவேண்டும் என்பது கணக்கு. "ஹெப்பா மாதிரி"ன்னு சொன்னால் நகர்ந்துவிடுங்கள். கடையிலேயே ஓட்டச் சொல்லி, காற்று வெளியேறும் ஓட்டையில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துப் பாருங்கள், வேறு சோதனை வேண்டாம். நம்ம ஊருக்கு என் ஓட்டு வெட் அண்ட் டிரை டிரம் டைப்புக்கு. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் பெரிய வயிறு. உள்ளே காகிதப் பை போட்டு, அதுக்கப்புறம் ஃபில்டர் இருந்தால் ஃபில்டர் பிழைக்கும். பையும் ஃபில்டரும் மதுரையிலாவது கிடைக்குமா என்று கேட்டுவிட்டு மெஷினைத் தேர்ந்தெடுங்கள். இதில் எல்லாரும் தலைகீழாகத்தான் செய்கிறோம். ரோபோ வாங்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். தறிவீட்டில் விட்டால் அஞ்சாவது நிமிசம் சக்கரத்தில் நூலைச் சுற்றிக்கொண்டு பாவமாக நிற்கும் :-)

1400 வாட்ஸ் மெஷினை டிவி செருகுகிற சின்ன பிளக்கில் செருகாதீர்கள், ஃபிரிட்ஜுக்குப் போடுகிற பெரிய பாயிண்ட் வேண்டும். கரண்டு பில்லுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. தினமும் இருபது நிமிசம் ஓட்டினால் ரெண்டு மாசத்துக்கு 28 யூனிட். 2016ல் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்ததே, அதில் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

ஃபில்டரைக் கழுவலாம் என்று போட்டிருந்தால் மட்டும் கழுவி, ஒரு நாள் முழுக்க நிழலில் காயவைத்துத்தான் மாட்டவேண்டும். ஈரத்தோடு மாட்டினால் கரிசல் மண் களிம்பாகிவிடும், அப்புறம் அது ஃபில்டர் இல்லை, செங்கல். தண்ணீரை உறிஞ்சும்போது காகிதப் பையைக் கழற்றிவிட்டு ஸ்பான்ஞ்சை மாட்டவேண்டும். அடுப்புச் சாம்பலை, அணைந்தது மாதிரி இருந்தாலும், உறிஞ்சவே கூடாது. உள்ளே ஒரு கங்கு போனால் பை பற்றிக்கொள்ளும்.

வேறொரு லாபம் யாரும் சொல்வதில்லை, தண்ணீர். குடத்துக்குக் காசு கொடுத்துப் பழகிய ஊர் நம்முடையது. கூட்டிவிட்டுத் துடைத்தால் முதல் அறையிலேயே வாளித் தண்ணீர் சேறாகிவிடும், ரெண்டு மூணு தடவை மாற்றணும். போர் தண்ணீராக இருந்தால் டைல்ஸில் உப்புப் படலம் வேறு. உறிஞ்சிவிட்டுத் துடைத்தால் ஒரு வாளியில் வீடே முடிந்துவிடுகிறது.

அத்தை வீட்டில் டிரம் மெஷின் வாங்கி ஒரு வருசம் ஆகிறது. இளைப்பு போய்விட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். இன்ஹேலர் இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது. விடியக்காலை உட்கார்ந்து மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது என்கிறார் அத்தை. நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. வௌக்குமாத்தைத் தொட்டால் தோஷம் என்பது மாதிரி இருந்த மாமா, மெஷின் என்றதும் தானே முன்வந்து ஓட்டுகிறார்! சுவிட்ச் இருக்கிறதே, அப்போ அது ஆம்பளை வேலைதானே. தறிக்கு அடியில் குழாயை விட்டு, ஃபேன் இறக்கையில் தூரிகையை வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் டெமோ காட்டுகிறார்.

"ஏய்யா, இந்த மனுசன் கூட்டி நா என்னைக்கிப் பாத்தேன்"னு அத்தை சிரிக்கிறார்.

ஆனால் ஓட்டி முடித்த கையோடு மெஷினை முற்றத்தில் வைத்துவிட்டு மாமா டீக்கடைக்குப் போய்விடுகிறார். பையைப் பிரித்துக் கொட்டுவதும் ஃபில்டரைத் தட்டுவதும் அத்தை. மொத்த வீட்டுத் தூசும் ஒரே இடத்தில், முகத்துக்கு நேராக. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டுதான் தட்டுகிறார். ஒரு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த தடவை போகும்போது மாமாவிடம் பேசவேண்டும்.