கேஸ் மாத்திரையும் மருந்துதான்

"பிரஷர் மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிடும். கூடவே ஒரு கேஸ் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். அது யாரையும் ஒன்றும் செய்யாது." ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களிடம் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் சொல்லும் அறிவுரை இது. சில சமயம் மெடிக்கல் ஷாப்பிலும் இதையே சொல்கிறார்கள். ஒரே மூச்சில் சொல்லும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் தேறுவதில்லை.

"பிரஷர் மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும்."

அம்லோடிபின், டெல்மிசார்டன், எனாலாபிரில், மெட்டோபுரோலால், நீர் மாத்திரைகளான ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் ஆகியவைதான் நம் ஊரில் பெரும்பாலோர் சாப்பிடுபவை. இவற்றில் எதுவும் இரைப்பையின் உட்சுவரை அரித்துப் புண்ணாக்கும் வகை அல்ல. அந்தப் பழி சேர வேண்டியது ஆஸ்பிரினுக்கும், மூட்டுவலிக்கு விழுங்கும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளுக்கும்தான். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடும் முதியவருக்கோ, முன்பு வயிற்றுப்புண் வந்தவருக்கோ மருத்துவர் கேஸ் மாத்திரை எழுதினால் அதற்குக் காரணம் இருக்கிறது. வெறும் அம்லோடிபின் சாப்பிடுபவருக்கு அந்தக் காரணம் இல்லை.

வலி மாத்திரை ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். டெல்மிசார்டனோ எனாலாபிரிலோ ஒரு நீர் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுபவர், அதன் மேல் வலி மாத்திரையும் போட்டால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகக்கூடும். கூடப் போடும் கேஸ் மாத்திரை வயிற்றை மட்டுமே காக்கும். ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் அது காப்பாற்றாது.

"பிரஷர் மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் நெஞ்செரிச்சல். அப்படியானால் அமிலம் கூடிவிட்டது."

முதல் பாதி உண்மையாக இருக்கலாம். இரண்டாம் பாதி பிழை. அம்லோடிபின், நிஃபெடிபின், வெரபாமில் வகை மருந்துகளின் வேலை ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள தசையைத் தளர்த்துவது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் இருக்கும் சுருக்குத் தசையும் அதே வகையைச் சேர்ந்ததுதான். அதுவும் சற்றுத் தளர்ந்துவிட்டால், வழக்கமாகச் சுரக்கும் அமிலமே மேலே ஏறிவந்து எரிக்கும். இதற்கு இரண்டாவது மருந்தைச் சேர்ப்பதற்கு முன், முதல் மருந்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதே முறை. ரத்த அழுத்தத்துக்கு வேறு வகை மருந்துகள் தாராளமாக இருக்கின்றன.

இருமலிலும் இதே கதைதான். எனாலாபிரில், ராமிபிரில் வகை மருந்துகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். அமிலம் தொண்டைக்கு ஏறினாலும் இருமல் வரும் என்பதால், மருந்தால் வந்த இருமலுக்கும் கேஸ் மாத்திரையே பதில் என்றாகிவிடுகிறது. மாத்திரை கூடும், இருமல் நிற்காது.

"கேஸ் மாத்திரை ஒன்றும் செய்யாது."

பேன்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் ஆகியவை அமிலம் சுரக்கும் இயக்கத்தையே அடக்குபவை. சில வாரங்களுக்குச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குத் தொல்லை இல்லை. ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவது வேறு விஷயம். இவை ரத்தத்தில் மக்னீசியத்தின் அளவைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011 மார்ச்சில் எச்சரித்தது. குறைந்தது மூன்று மாதம் சாப்பிட்டவர்களிடம், பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டியவர்களிடம் இது தெரியவந்தது. அப்போது ஆராய்ந்த நோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு மக்னீசியம் கொடுத்தும் போதவில்லை. மாத்திரையையே நிறுத்த வேண்டியிருந்தது.

நீர் மாத்திரைகளும் சிறுநீர் வழியே மக்னீசியத்தை வெளியேற்றுபவை. இரண்டையும் சேர்த்து நெடுநாள் சாப்பிடுபவருக்கு உள்ளே வருவதும் குறைகிறது, வெளியே போவதும் கூடுகிறது. கெண்டைக்கால் குரக்கு, கை நடுக்கம், படபடப்பு ஆகியவை இதன் அடையாளமாக இருக்கலாம். "நரம்பு இழுக்கிறது" என்று சத்து மாத்திரை வாங்குவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம்.

"எல்லா கேஸ் மாத்திரையும் ஒன்றுதான்."

பேன்டோபிரசோல் மாத்திரையான பான் கேட்டால் பான்-டி கிடைக்கும், யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை. அந்த 'டி' டோம்பெரிடோன் என்ற இன்னொரு மருந்து. இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைத்துத் துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடியது. ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் இதைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் கொடுக்கச் சொன்னது. நெஞ்செரிச்சலையும் வயிற்று உப்புசத்தையும் பட்டியலிலிருந்தே நீக்கியது. பிரஷர் மாத்திரைகளோடு இதற்கு நேரடி உறவு உண்டு. டில்டியாஸெம், வெரபாமில் இரண்டும் உடலில் டோம்பெரிடோனின் அளவை ஏற்றும். நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

ஸ்டென்ட் வைத்துக் குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் ஒமிபிரசோல், எஸொமிபிரசோல் இரண்டையும் தவிர்க்க வேண்டும். அவை குளோபிடோக்ரெலின் பலனைக் குறைக்கும். பேன்டோபிரசோலில் அந்தச் சிக்கல் குறைவு.

"சோடாவும் சிரப்பும் மருந்தே இல்லை."

தண்ணீரில் பொங்கும் உப்புத்தூளில் இருப்பது பெரும்பாலும் சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும். ஒரு கிராம் சமையல் சோடாவில் சுமார் 270 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நாளொன்றுக்கு 2 கிராம் சோடியத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கிவிட்டு, ராத்திரி இரண்டு முறை சோடா கலக்கிக் குடிப்பவர் விட்ட உப்பை வேறு வழியில் சேர்த்துக்கொள்கிறார்.

ரோஸ் நிறச் சிரப்பில் சோடியத்தைவிட அலுமினியம், மக்னீசியம் கலவைதான் கவனிக்க வேண்டியது. அட்டெனலால், கேப்டோபிரில் போன்றவற்றை உடல் உறிஞ்சுவதை அது குறைக்கலாம். இரண்டு மணி நேர இடைவெளி விட்டால் போதும்.

"நிறுத்தினால் எரிகிறது. ஆகவே எனக்கு அது வேண்டும்."

இதுதான் மிக வலுவாகத் தெரியும் வாதம். 2009-இல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. வயிற்றுத் தொந்தரவே இல்லாத 120 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் எஸொமிபிரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த சில வாரங்களில் அவர்களில் 44 விழுக்காட்டினருக்கு நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 15 விழுக்காடு. அடக்கிவைத்த அமிலம் மருந்தை விட்டதும் வேகமாகச் சுரப்பதே காரணம். ஆகவே நிறுத்தியதும் எரிவதை மட்டும் வைத்து, மருந்து தேவைதான் என்று முடிவுகட்ட முடியாது. மருத்துவர் சொல்படி அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவது இதற்காகத்தான்.

எதிர்த்திசையில் ஓடுவதும் தவறு. இரண்டும் சேர்ந்தால் விஷம் என்று பயந்து பிரஷர் மாத்திரையை விட்டுவிடுபவர்களும் உண்டு. அம்லோடிபினும் பேன்டோபிரசோலும் ஒன்றையொன்று குறிப்பிடும்படி பாதிப்பதில்லை. உணவுக்குழாய் உண்மையிலேயே அரித்துப்போனவருக்குக் கேஸ் மாத்திரை பெரிய வரம். என் ஆட்சேபம் மாத்திரையின் மீதல்ல, அதைக் கணக்கில் சேர்க்காத பழக்கத்தின் மீதுதான்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வசதியும் இருக்கிறது. பிரஷர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வருகிறது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. கேஸ் மாத்திரை கடையிலிருந்து தனியாக வருகிறது. மருத்துவர் "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், "ஒன்றும் இல்லை, கேஸுக்கு மட்டும்" என்கிறோம். அடுத்த முறை போகும்போது சிரப், சோடாப் பொட்டலம் உட்பட எல்லா அட்டைகளையும் எடுத்துப்போய் மேசையில் வையுங்கள். இது எதற்கு, எத்தனை நாளைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் "கேஸ்" என்று பெயர் வைப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் சோடா குடித்துப் படுத்துப் பார்க்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். வெறும் வாயுதான் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டால் நிம்மதியாக வீடு திரும்பலாம்.